ஒழுகுமடை, கிராம விவரப் படிவம்

ஊரின் பெயர் என்ற கட்டத்திலேயே
பேனா நின்றுவிட்டது.
ஊர்க்காரர் வாயில் ஒழுகுமடை,
தாலுகா பதிவேட்டில் ஒழுங்குமடை.
எந்தக் குமாஸ்தாவோ, எந்த மத்தியான வெயிலிலோ
நடுவில் ஒரு 'ங்' செருகி
ஊரைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.
ரேஷன் அட்டையில் ஒன்று, வாக்காளர் அட்டையில் இன்னொன்று.
சவேரியம்மாளின் விதவைப் பென்ஷன்
இரண்டுக்கும் நடுவில் பதினோரு மாதம் சிக்கிக் கிடந்தது.

அமைவிடம்.
தேவகோட்டைச் சாலையில் ஒன்பதாவது கல்லில் இறங்கிக்
கிழக்கே நடக்க வேண்டும்.
மலை இல்லை. ஆறு என்று சொல்வது
மணலுக்குச் செய்யும் மரியாதை.
செம்புறாங்கல் பொட்டல், கருவேலம், மறுபடி பொட்டல்.
நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்கிறதாம்.
என் சைக்கிளுக்கு அது தெரிந்ததில்லை,
தண்ணீருக்குத் தெரியும்.
மேலக் கண்மாய் கலிங்கு தாண்டினால் இங்கே வரும்,
இங்கே தாண்டினால் கீழூருக்குப் போகும்.
தாண்டாத வருஷங்களில்
மூன்று ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

பரப்பு.
தெற்கு எல்லையின் பதினான்காம் நம்பர் கல்
கண்மாய்க்குள் கிடக்கிறது.
சர்வேயர் ஜெயசீலன் வந்தபோது நல்ல தண்ணீர்;
முங்கிப் பார்க்க அவருக்கு உத்தரவு இல்லை.
வறண்டால்தான் கல் தலைகாட்டும்.
ஆகவே பஞ்சத்தில் என் ஊர்
ஆறு ஏக்கர் பெரிசு.

(என் ஊர் என்று எழுதிவிட்டேன். அடிக்க வேண்டும்.
நான் பொன்னமராவதிப் பக்கம்,
மூன்று வருஷமாகத்தான் இங்கே ஊராட்சிச் செயலர்.)

மக்கள்தொகை நானூற்றுப் பன்னிரண்டு.
மாசிக் களரிக்கு ஆயிரத்தைத் தாண்டும்,
மறுநாள் பஸ்ஸில் மீண்டும் நானூற்றுப் பன்னிரண்டு.
பூட்டிய ஏழு வீடுகளைக்
குடும்பமாக எண்ணுவதா, கட்டடமாக எண்ணுவதா?
பினாங்கிலிருந்து வரி மட்டும் தவறாமல் வருகிறது.
அந்த ரசீதுகளில் மறக்காமல் 'ங்' போடுகிறேன்.

வரலாறு. அடைப்புக்குறிக்குள்: நான்கு வரிகளுக்கு மிகாமல்.

மடை ஒழுகியது.
எப்போதிருந்து என்று சொல்ல ஆளில்லை.
ஒழுகிய தண்ணீரில் மூன்று ஏக்கர்
எந்தக் கோடையிலும் பச்சை.
அது யார் தண்ணீர் என்று
ஆவுடையப்ப செட்டியாருக்கும் பெரியணன் அம்பலத்துக்கும்
முப்பத்தொரு வருஷம் வழக்கு.
செட்டியார் ரங்கூனில் கண்ணை மூடினார்.
யுத்தத்தில் அங்கிருந்து நடந்தே வந்த மகன்
கால் கொப்புளம் ஆறுமுன்
வாய்தாவுக்கு வண்டி கட்டினான்.
கடைசியில் தீர்ப்பு வந்தது:
கசிவுக்குச் சர்வே எண் இல்லை,
எண் இல்லாததற்கு உரிமையாளர் இல்லை.

இதற்கே நான்கு வரி போய்விட்டது.

போன ஆவணியில் நிதி வந்தது.
காண்ட்ராக்டர் சிமெண்ட் குழைத்து மடையை அடைத்தார்.
தாலுகா பதிவேடு முதல்முறையாக
உண்மை சொன்ன நாட்கள் அவை.
இருபதாம் நாள் மூன்று ஏக்கரும் மஞ்சள்.
பள்ளிக்கூடக் கிணற்றில் வாளி தரை தட்டியது.
இருபத்திரண்டாம் நாள் விடியலில்
மடைச் சுவரில் ஒரு கைப்பிடி ஓட்டை,
கீழே கடப்பாரை குத்திய குழி,
ஈரத்தில் இரண்டு பேரின் கால்தடம்.
கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போய்
ஒன்று செட்டியார் தோப்புக்குத் திரும்பியது,
ஒன்று அம்பலம் தெருவுக்கு.

யாரும் புகார் தரவில்லை.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
அந்தத் தடங்களின் மேலேயே
கரை வரை நடந்து, திரும்பியும் நடந்தேன்.

'பழுது நீக்கப்பட்டது' என்று
பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.
எந்தப் பழுது என்று கேட்கும் கட்டம்
அதில் இல்லை.

ஐந்து மணிக்குள் படிவம் வேண்டுமாம்,
பிளாக் ஆபீசிலிருந்து இரண்டு முறை போன்.
முதல் கட்டத்துக்குத் திரும்பி வந்து
ஒழுகுமடை என்று எழுதுகிறேன்,
'ழு'வுக்கும் 'கு'வுக்கும் நடுவில்
ஓர் எழுத்து அளவுக்கு
இடம் விட்டு.